தட்டில் இல்லாத ஒன்று

மார்கழியின் ஒரு விடியலில், பதிகத்தின் ஏழாம் பாட்டில், மூன்றாவது வரி எனக்கு வரவில்லை.

இதைச் சிறிய செய்தியாக வாசகர் எடுத்துக்கொள்ளக் கூடும். எனக்கு அது அப்படியன்று. சவ்வாது மலைக்குத் தொடக்கப் பள்ளி ஆசிரியனாக வந்த நாள்முதல், ஓய்வு பெற்ற பின்பும், எங்கள் சிற்றூர்க் கோயிலில் விடியற்காலைப் பூசைக்குப் பாடுவது என் கடமை. கருவறையில் ஈசனும், பக்கத்துச் சிறு மாடத்தில் அம்மனும் இருக்கும் ஓட்டுக்கூரைக் கோயில் அது. ஏடு பார்த்து நான் பாடியதில்லை. ஒரு வரி முடியும் முன்பே அடுத்த வரி வாயில் வந்து நிற்கும். அன்று ஒன்றும் வந்து நிற்கவில்லை.

கற்பூரத் தட்டை ஏந்தியிருந்த பூசாரி சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தார். மலையிலேயே பிறந்து சாமை விதைத்து வாழும் உழவர் அவர்.

"வாத்தியாரே, கற்பூரம் அணையப் போவுது. சாமி காத்துனு இருக்காரு."

எட்டாம் பாட்டுக்குத் தாவிப் பாடி முடித்தேன். எவரும் குறை சொல்லவில்லை.

அதன்பின் வரிகள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. வேறு சிலவும் உடன் நிகழ்ந்தன. நாக்கு சிவந்து எரிந்தது. கோயில் மேட்டை ஏறுவதற்குள் இருமுறை உட்கார வேண்டியிருந்தது. தரை பஞ்சு மெத்தை போலத் தோன்றியது. எல்லாவற்றையும் முதுமையின் கணக்கில் எழுதினேன். பாட்டைக் கொடுத்தவன் ஒவ்வொரு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறான் என்றும் எண்ணினேன். அந்த எண்ணத்தில் பணிவு இருந்ததாகச் சொல்ல முடியாது. அச்சமே இருந்தது. பாட்டுப் போனபின் அந்தச் சந்நிதியில் நான் யாராக நிற்பது?

என்னை மருத்துவரிடம் சேர்த்தது ஒரு செருப்பு. கடைவீதியிலிருந்து ஒருநாள் வீடு திரும்பியபோது என் மனைவி வாசலில் நின்று என் பாதங்களையே பார்த்தாள்.

"இன்னாங்க, ஒத்தச் செருப்போட வர்றீங்க? இன்னொண்ணு எங்க?"

குனிந்து பார்த்தேன். வலக்காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் வெறுங்காலோடு கல்லில் நடந்தேன், எதுவும் தெரியவில்லை. பாதத்தில் முள் ஏறி இரத்தம் கசிந்திருந்தது. அதுவும் தெரியவில்லை.

மறுநாளே காவலூர் செல்லும் பேருந்தில் ஏற்றி, வழியிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே இருந்த மருத்துவர் கணியம்பாடிப் பக்கத்துப் பெண். என் பாதத்தில் ஊசி முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு, நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"ஐயா, நேத்து காலையிலேருந்து இன்னா இன்னா சாப்ட்டீங்க? ஒண்ணு வுடாம சொல்லுங்க."

இந்தக் கேள்விக்கு நான் பெருமிதத்தோடு விடை சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம். நண்பகலில் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, முருங்கைக் கீரைப் பொரியல், நெல்லிக்காய்த் துவையல். மாலையில் வேகவைத்த நிலக்கடலை, ஒரு கொய்யா. இரவுக்குச் சாமை உப்புமா. சர்க்கரை இல்லை, பலகாரக் கடைப் பக்கம் போவதில்லை.

அவர் தாளில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார்.

"தவிட்டோட இருக்கற தானியம், மெதுவா செரிச்சு நாள் பூரா தெம்பு குடுக்கும். மொச்சை, கடலை, சதை தேயாம பாத்துக்கும். கடலையில நல்ல கொழுப்பும் இருக்குது. கீரையில இரும்புச் சத்து. அதும்கூட நெல்லிக்காயா! அந்தப் புளிப்பு இருந்தாத்தான் கீரையோட இரும்ப ஒடம்பு நல்லா இழுக்கும். ஐயா, நான் ஊர் ஊரா போயி சொல்றத நீங்க தட்டுல வெச்சுனு இருக்கீங்க."

என் மனைவி என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சமைக்கிறது நானு. பேரு இவருக்கு."

மருத்துவர் சிரித்தார். எழுதுகோல் மட்டும் தாளின் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"பால், தயிர்?"

நான் வாய் திறக்கும் முன்பே அவள் சொன்னாள்: "அவருக்கு ஒத்துக்காதுங்க. ஆறு வருசமா தொடறதில்ல. மோர் கூட இல்ல. வரக்காப்பிதான்."

"முட்டை, கறி, மீனு?"

"பொறந்ததுலேருந்து கிடையாது."

மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். இரத்தம் எடுத்து அனுப்பினார். அடுத்த வாரம் முடிவு வந்தது. என் உடலில் பி-பன்னிரண்டு என்னும் ஒரு சத்து ஏறத்தாழ வற்றியிருந்தது. நரம்பின் மேலுறையைக் காப்பதும், இரத்த அணுக்களைச் செம்மையாக உருவாக்குவதும், நினைவைத் தளரவிடாமல் பிடிப்பதும் அதன் பணிகளாம்.

அவர் அதன்பின் சொன்னவற்றை நான் கோயிலில் கேட்பதுபோலக் கேட்டேன். இந்தச் சத்தை எந்தச் செடியும் உண்டாக்குவதில்லை. பசுவும் உண்டாக்குவதில்லை. பசுவின் இரைப்பைக்குள் வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. அதற்கு வேண்டிய ஓர் உலோகத் துகள் மண்ணிலிருந்து புல்லுக்கு ஏறி, புல்லிலிருந்து பசுவுக்குள் போகிறது. அங்கே அந்த உயிர்கள் அதைச் சத்தாக மாற்றிப் பாலில் அனுப்புகின்றன. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டிய அளவு, பொடி உப்பின் ஒரு துகளைப் பல கூறாக்கினால் அதில் ஒரு கூறு. ஓர் ஆயுள் முழுமைக்கும் சேர்த்தாலும் ஒரு சிட்டிகைக்குக் குறைவு. அந்தச் சிட்டிகை இல்லாமற் போனால் மனிதன் தன் செருப்பைத் தொலைக்கிறான், தன் பாட்டைத் தொலைக்கிறான்.

"அப்படியானால் ஆறாண்டு எப்படித் தாங்கினேன்?" என்று கேட்டேன்.

"உங்க கல்லீரல் சேத்து வெச்சிருந்துதுங்க ஐயா. சின்ன வயசுலேருந்து குடிச்ச பால்லேருந்து. நீங்க நிறுத்துனப்பறமும் அது வருசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் குடுத்துது. இப்ப தீந்துபோச்சு."

என்னுள் ஓர் உறுப்பு, எனக்குத் தெரியாமல், நான் கேளாமல், என் பிடிவாதத்தை முன்கூட்டியே அறிந்தது போல, எனக்காகச் சேமித்து வைத்திருக்கிறது! நாள்தோறும் கருணையைப் பாடியவன் நான். அது என் வலது விலாவின் கீழே வேலை செய்துகொண்டிருந்ததை அறியேன்.

மருத்துவர் ஊசி மருந்தை எடுத்தார். சிறு கண்ணாடிக் குப்பிக்குள் அது செம்பருத்திச் சாறு போலச் சிவந்திருந்தது. மேனியெங்கும் சிவந்தவனைப் பாடிப் பழகிய நெஞ்சு, அந்தத் துளியின் முன் தானாகக் கை குவித்தது.

"பயப்படாதீங்க ஐயா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்றார் அவர். நான் அஞ்சிக் கும்பிட்டதாக எண்ணிவிட்டார்.

சில வாரங்களுக்கு ஊசி. பிறகு தயிரும் பாலும் தவறாமல் வேண்டும், குறைந்தால் மாத்திரை. "பாலே ஒத்துக்கலன்னா மாத்திரையிலயே ஓட்டலாம். வயிறு வலிக்குமா, பேதி ஆவுமா?"

இங்கேதான் நான் உண்மை சொல்ல வேண்டியதாயிற்று. பால் எனக்கு எந்நாளும் ஒவ்வாமல் போனதில்லை. ஆறாண்டுக்கு முன் என் மனைவி கொடுங்காய்ச்சலில் வேலூர் மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்தாள். அப்போது எங்கள் ஊர் அம்மனை நினைத்து, எனக்கு உயிரான தயிரையும் பாலையும் மோரையும் நெய்யையும் ஆயுள் முழுவதும் விடுவதாக வேண்டிக்கொண்டேன். அவள் பிழைத்தாள். சொன்னால் அவள் மனம் வருந்தும் என்று, ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பொய் சொல்லி வைத்தேன்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"என் உசுருக்கு உங்க பாட்ட வெலையா குடுத்தீங்களா?" என்றாள். "யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

பாலைத்தான் கொடுத்தேன் என்று சொல்ல நினைத்தேன். பாலுக்குள் என்ன இருந்தது என்று தெரியாமலே கொடுத்தேன் என்பதுதான் உண்மை.

ஊர் திரும்பியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கோயிலுக்குப் போய்ப் பூசாரியை அழைத்து, நடந்ததைச் சொன்னாள்.

"அண்ணே, வேண்டுதல் எனக்காவ வெச்சது. அத நான் ஏத்துக்கறேன். அவரு தயிர் சாப்புடட்டும், நான் பால வுட்டுடறேன்."

"அப்படியானால் ஆறாண்டு கழித்து உனக்கு ஊசி போட வேண்டி வரும்" என்றேன்.

பூசாரி அம்மனை ஒருமுறை பார்த்தார், பிறகு என் மனைவியின் இடுப்பைப் பார்த்தார். அங்கே வெற்றிலையும் புகையிலையும் வைக்கும் சுருக்குப்பை இருந்தது. முப்பதாண்டுப் பழக்கம். நானும் இரு மருத்துவர்களும் சொல்லியும் அவள் விடாதது.

"பால் எதுக்கு தங்கச்சி? ஆச வெச்சிருக்கற பொருளுதான் அவளுக்கு வேணும். உனுக்கு எது மேல ஆச?"

அவள் முகம் வாடியது. "அண்ணே, அது மட்டும்..."

"பாத்தியா, அதான் கணக்கு."

பிறகு பையை அவிழ்த்து, புகையிலையை மட்டும் எடுத்து அம்மன் காலடியில் வைத்தாள். வெற்றிலையை வைக்கலாமா என்று அவள் கண்கள் கேட்டன. "அது இருக்கட்டும், ரெண்டையும் புடுங்குனா நீ எங்களக் கடிச்சிடுவ" என்றார் பூசாரி. அபிஷேகப் பாலில் ஒரு கரண்டியை என் உள்ளங்கையில் ஊற்றினார்.

ஆறாண்டுக்குப் பின் நான் பருகிய பால். இளஞ்சூடாக இருந்தது, சற்றே புகை வாசம். புல்லும் மண்ணும் பசுவும், எனக்குப் பெயர் தெரியாத கோடிச் சிற்றுயிர்களும் அந்தக் கரண்டிக்குள் எனக்காக வேலை செய்திருந்தன.

என் பாதங்கள் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. விரல் நுனிகளில் மரமரப்பு இருக்கிறது. செருப்புக்கு இப்போது பின்வார் வைத்திருக்கிறேன். தைக்குப் பின் நாக்கின் எரிச்சல் அடங்கியது. மேட்டை ஒரே மூச்சில் ஏறினேன். மாசியில் ஒரு விடியலில் அதே பதிகத்தைத் தொடங்கினேன். என் மனைவி பின்னால் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு, வெறும் வெற்றிலை மென்றபடி நின்றாள். தடுமாறினால் எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

ஏழாம் பாட்டு வந்தது. இரண்டாம் வரி முடியும் முன்பே மூன்றாவது வரி என் வாயில் வந்து நின்றது.

பின்னால் அவள் ஏட்டை மூடும் ஓசை கேட்டது.