மூட்டையைப் போடுற மாதிரி விட்டுட்டேன்

போன மாசியில, தூத்துக்குடி டவுன்ல நடந்தது இது. நான் அஞ்சாம் கிளாஸைத் தாண்டாதவன். துறைமுகத்துல மூட்டை தூக்கியே லாரிக்கு முதலாளி ஆனவன். முத்தையாபுரத்துல என் வீடு எதுன்னு கேட்டா பஸ் கண்டக்டர்கூட சொல்லுவார். அப்படிப்பட்ட எனக்கு, பக்கவாதத்துல விழுந்த என் வீட்டுக்காரியைக் கட்டில்ல இருந்து தூக்கி நாற்காலியில உட்கார வைக்கும்போது தொடை நடுங்க ஆரம்பிச்சிட்டு. அவளுக்கு வேற ஆள் தொட்டா ஆகாது. குளிக்க, கக்கூஸ் போக, எல்லாத்துக்கும் நான்தான். காலுக்குப் பலம் ஏத்தணும்னு ஒரு பிசியோதெரபி சென்டருக்குப் போனேன்.

அங்கன ஒரு மிஷின். ஏறி நிக்க ஒரு பலகை, அதுக்கு அடியில இரும்புச் சக்கரம். சக்கரத்துல சுத்தியிருக்கிற வாரை நம்ம இடுப்பு பெல்ட்டுல மாட்டுவாங்க. குத்தவச்சு எந்திரிச்சா சக்கரம் சுத்தும். வார் தீர்ந்ததும் அதே வேகத்துல திரும்பச் சுருட்டி நம்மளைக் கீழே இழுக்கும். நாம எதிர்த்துப் பிடிச்சு மெதுவா இறங்கணும். எவ்வளவு வேகமா எந்திரிக்கோமோ, அவ்வளவுக்கு இழுக்கும்.

அங்க வேலை பாக்குற சாயர்புரத்துப் பொம்பளப் பிள்ளை சின்னச் சக்கரத்தை மாட்டி நாலு தடவை எந்திரிக்க வச்சுது. எனக்குப் பொறுக்கல.

"ஏளா, இது என்ன பம்பரமா? பெருசை மாட்டு."

பெருசை மாட்டி எந்திரிச்சா, மிஷின் திரையில பவர்னு காட்டுற நம்பர் இறங்கிட்டு. மிஷின் ரிப்பேர்னேன்.

"ரிப்பேர் இல்ல அண்ணாச்சி. பாரம் கூடவும் உங்க வேகம் விழுந்துட்டு. ரெண்டும் சேர்ந்தாத்தான் பவர். ஆச்சியைத் தூக்க அந்த வேகமும் வேணும்லா. சின்னதுக்கே வாங்க."

"கப்பலுக்குச் சரக்கு ஏத்துன உடம்புளா இது. நம்பர் ஏறுதா இல்லையா, பாரு."

மூச்சைப் பிடிச்சு ஒரே உந்து. துறைமுகத்துல எங்க ஆளுக எவனும் மூட்டையை மெதுவா இறக்க மாட்டான். இடம் வந்ததும் தோளைச் சரிச்சு உடம்பைத் தளர்த்திருவோம், மூட்டை தானா விழும். அத்தனை வருசப் பழக்கம். முழுசா நிமிர்ந்ததும் உடம்பு தன்னால தளர்ந்துட்டு. சக்கரம் நிக்கல. "பிடிங்க அண்ணாச்சி, பிடிங்க"ன்னு அந்தப் பிள்ளை கத்துறதுக்குள்ள வார் என்னைக் கீழே அமுக்கிட்டு. முழங்காலுக்கு மேல நரம்பு அறுந்த சத்தம் எனக்கே கேட்டுது.

ஆபரேஷன் முடிஞ்சு வந்து அவ பக்கத்துல கட்டில் போட்டுப் படுத்தேன்.

"நான் ஒருத்தி கிடக்கது காணாதுன்னு நீங்களும் வந்துட்டியளாக்கும்"னு குழறிக்கிட்டே சிரிச்சா. மறுநாள் காலையில அவளைப் பாத்துக்கிட சம்பளத்துக்கு வச்ச அம்மா வந்து, குளிப்பாட்ட அவ சேலையைத் தளர்த்தவும் அந்தச் சிரிப்பு போயிட்டு. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டா.

என் கால் இப்ப மடங்குது. ஆனா இனிமே ஆளைத் தூக்குற பாரம் தாங்காதுன்னுட்டார் டாக்டர். அந்த அம்மா வாசல்ல செருப்பைக் கழத்துற சத்தம் கேட்டதும் இவ இன்னைக்கும் கண்ணை இறுக்க மூடிக்கிடுதா; ஒரு நம்பரை ஏத்திக் காட்டணும்னு நான் பிடிச்ச வீம்புக்கு, தினமும் கூசிப் போறது அவ உடம்பு.