அப்பாவின் காருக்குத் தண்ணீர்

என் தங்கைக்கு ஐம்பத்தொரு வயதில் கலியாணம் பேசி முற்றாகியது. அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்ததில் அவளுடைய வயது போய்விட்டது. "ராசியில்லாத பெட்டை" என்று ஊர்வாய் சொல்லிக்கொண்டும் இருந்தது. நாள் வைத்த அன்று அவள் நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணை, கோயிலுக்கு நான் அப்பான்ரை காரிலைதான் போவன்."

அப்பாவின் கார் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. என்னைவிட வயது கூடியது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய் இணுவிலுக்குத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை, கார் மட்டும் நின்றது. நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பென்சன் எடுத்த நாள் முதலாய் அதைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். கதவுக் கைபிடி தொடக்கம் திருகாணிவரை அந்தக் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும் என்பது என் வீம்பு. எஞ்சின் ஓடியது. பெயின்ற் பளபளத்தது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். தண்ணீர் சுடவைக்கிற கேத்தலின் அடியில் மூன்று மாதத்தில் வெள்ளைப் படை கட்டிவிடும். அப்பா நாற்பது வருடம் அந்தத் தண்ணீரைத்தானே ரேடியேற்றருக்கு ஊற்றினார், உள்ளே எவ்வளவு கட்டியிருக்கும் என்று எனக்கு யோசனை வந்தது. என் மனைவி கேத்தலுக்குள் புளிப்பு வினாகிரி ஊற்றி அந்தப் படையைக் கரைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆறு போத்தல் வாங்கி வந்து ரேடியேற்றருக்குள் கவிழ்த்தேன். இரண்டு நாள் ஊறவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினை ஓடவிட்டேன். நாலு இடத்தில் ஒழுகியது. கலியாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது.

கொக்குவிலில் ரேடியேற்றர் ஒட்டுகிறவர் வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மாஸ்டர், உந்தச் சுண்ணாம்புதான் இவ்வளவு காலமும் ஓட்டையளை அடைச்சு வைச்சிருந்தது. நீங்கள் வலுகவனமாக் கழுவிப்போட்டியள்."

"இனி என்ன செய்யலாம்?"

"ஒரு யப்பான் காரின்ரை ரேடியேற்றரையும் பம்பையும் பூட்டித் தாறன். ரண்டு நாள் வேலை. இல்லாட்டி இரண்டு கரண்டி மஞ்சள்தூளைப் போட்டு விடுங்கோ. அது ஓட்டையளை அடைக்கும், கலியாணம் முடியுமட்டும் தாங்கும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அப்பாவின் காருக்குள் கறிக்குப் போடுகிற தூளா? பழைய பித்தளை ரேடியேற்றரைக் கழற்றி, ஈயம் பற்றவைத்துத் தரச் சொன்னேன். ஹோஸ் இரண்டையும் மாற்றினேன். எஞ்சினின் பக்கத்தில் தண்ணீர் போகாமல் அடைத்திருக்கும் வட்டத் தகடு கறள் தின்று ஓட்டையாகியிருந்தது. கடைசல்காரரிடம் அதே அளவில் புதிது வெட்டுவித்தேன். மூன்று ஒழுக்கு நின்றது. தண்ணீர்ப் பம்ப் மாத்திரம் நிற்கவில்லை. அதன் சீல் இங்கே கிடையாது. இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தது அளவு பிழையாக வந்தது.

"இஞ்சாருங்கோ, உங்கடை காருக்கு மூக்கொழுகிற தடிமன் இன்னும் விடேல்லையோ?" என்று மனைவி காலையும் மாலையும் கேட்டாள். நான் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். பதில் சொன்னால் சண்டை வந்திருக்கும்.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் தங்கையிடம் உள்ளதைச் சொன்னேன். "பிள்ளை, வழியிலை நிண்டாலும் நிக்கும். சனத்துக்கு வான் பிடிச்சிருக்கு, நீயும் அதிலை போ."

"எனக்கு முகூர்த்தமும் தப்பக்கூடாது, காரும் வேணும். வெள்ளெனவா வெளிக்கிடுவம் அண்ணை."

கேட்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "நீயும் உன்ரை பிடிவாதமும்" என்று அவளையே ஏசினேன்.

பத்தரைக்கு அளவெட்டிக் கோயிலில் முகூர்த்தம். ஒழுங்கான கார் என்றால் அரைமணித்தியாலம் வேண்டாம். நாங்கள் எட்டே முக்காலுக்கு வெளிக்கிட்டோம். பின் சீற்றில் தங்கையும் மனைவியும். மற்றச் சனம் அந்த வான் பிடித்து முன்னுக்குப் போய்விட்டது. சுன்னாகத்தில் சூட்டுமுள் ஏறியது. நிறுத்தி ஆறவிட்டு, கொண்டுவந்த இரண்டு கான் தண்ணீரையும் விட்டேன். மல்லாகம் தாண்டியதும் திரும்ப ஏறியது. பொனற்றைத் திறந்தால் ஆவி. மணி ஒன்பதே முக்கால். சனியனே என்று காரை ஏசினேன், பிறகு என்னை ஏசினேன்.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வேலிப் படலையைத் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். நான் கேட்க முன்னமே உள்ளே ஓடி, கிணற்றில் அள்ளிக் குடம் நிறையக் கொண்டுவந்தாள். படலையடியில் வந்து மணப்பெண்ணைக் கண்டதும் நின்றுவிட்டாள். நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் தாலியில்லை.

"ஐயா, குடத்தை இதிலை வைக்கிறன். வந்து எடுங்கோ. நான் முன்னுக்கு வரக்கூடாது."

நாலு பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன வாத்தியார் நான். ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. இன்றைக்கு மட்டும் அவள் அங்கேயே நிற்கட்டும் என்று நினைத்துத்தான் குடத்தை எடுக்க நடந்தேன்.

"அண்ணை, நில்லுங்கோ."

தங்கை பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தாள். "அக்கா, நிறைகுடம் எதிரை வாறது நல்ல சகுனமெல்லோ? நீங்களே கொண்டுவந்து விடுங்கோ."

"விசர்க்கதை கதையாதையுங்கோ பிள்ளை. நான் ஒரு..."

"எனக்கு ஐம்பத்தொரு வயசு அக்கா. எனக்குச் சகுனம் பாக்காத சனம் எங்கடை ஊரிலை இல்லை. நீங்களும் பாக்காதேங்கோ."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காரடிக்கு வந்தாள். சூட்டில் குளிர்தண்ணீர் பட்டால் எஞ்சின் வெடித்துவிடும்; பத்து நிமிடம் ஆறவிட்டோம். அதன்பிறகு நான் மூடியைத் திறக்க அவள் மெல்ல மெல்ல ஊற்றினாள்.

பொனற்றை மூடியதும் தங்கை, "திரும்பவும் தண்ணி முடிஞ்சால் ஆர் விடுறது? ஏறுங்கோ அக்கா" என்றாள்.

என் மனைவி தும்மினாலும் சகுனம் பார்க்கிறவள். அவள் என்ன சொல்வாளோ என்று எனக்குப் பயம். அவளோ தள்ளி இருந்து இடம்விட்டாள்.

"இஞ்சாலை வாங்கோ. குடத்தையும் நிரப்பிக்கொண்டு வாங்கோ."

பத்து இருபதுக்குக் கோயில் வாசலில் கார் நின்றது. வீதியில் சனம் முழுக்க எங்களைப் பார்த்தது. தங்கையும் மனைவியும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை; குடத்தை மடியில் அணைத்தபடி, "நான் காருக்கையே இருக்கிறன்" என்றாள்.

நான் சுற்றிப் போய் அவள் பக்கக் கதவைத் திறந்தேன்.

"இறங்குங்கோ தங்கச்சி. பெண் வீட்டுப் பக்கம் எங்களுக்குச் சனம் போதாது."

தங்கை திரும்பி வந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.