வெளித் தாழ்ப்பாள்

முப்பது வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர், படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்த வேன் ஒன்றை வாங்கி மனைவியோடு ஊர் சுற்றக் கிளம்பினார். முதல் வளைவிலேயே அலமாரிக் கதவு திறந்துகொண்டது. பீங்கான் தட்டுகள் தூள் தூளாயின.

“இன்னொண்ணு உடைஞ்சுது, நான் ரயிலேறி வீட்டுக்குப் போயிடுவேன்,” என்றாள் மனைவி.

மனிதர் ஆடிப்போய்விட்டார். அலமாரிகளுக்குக் கொக்கி மாட்டினார். ஓடும்போது படபடவென்று அடித்துக்கொள்ளும் கழிவறைக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் வைத்தார். கிளம்பும்முன் ஒவ்வொன்றாகப் பூட்டுவது வழக்கமாயிற்று.

ஒரு காலையில், மனைவி பின்னால் தூங்குகிறாள் என்ற நினைப்பில் வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரத்தில் கழிவறைக் கதவை உள்ளேயிருந்து யாரோ இடிக்கும் சத்தம்; பின்னாலேயே மனைவியின் குரல்.

“என்னங்க, தட்டெல்லாம் பத்திரமா?”

“பத்திரமா இருக்கும்மா,” என்றபடி வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடிப்போய்த் திறந்தார்.

“பொண்டாட்டியைத்தான் பூட்டி வச்சிட்டீங்க! கண்டக்டர் இல்லாம என்னிக்காவது பஸ்ஸை எடுத்திருக்கீங்களா?”

அவள் ரயிலேறவில்லை. அன்றிலிருந்து முன் இருக்கையில் உட்கார்ந்து அவள் “போலாம் ரைட்” சொன்னால்தான் வண்டி நகரும்.