தலை சாய்ந்த குட்டி

ஆனிக் கடைசி வெள்ளியன்று பன்றிக்குட்டிகளைத் தாய்களிடமிருந்து பிரித்தேன். அடுத்த புதன் காலை ஒரு பெட்டைக்குட்டி பக்கவாட்டில் கிடந்து, நீந்துவதுபோல் நான்கு கால்களையும் அடித்துக்கொண்டிருந்தது. கண்மணிகள் இடமும் வலமும் துள்ளின.

அனுமந்தன்பட்டிக்கு வெளியே, தென்னைகளுக்கு நடுவில் என் வெண்பன்றிப் பண்ணை. மனைவி இறந்த மறுவருடம் தொடங்கியது. அதன்பின் உறவினர் வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள், தண்ணீர்கூடக் கேட்பதில்லை. அல்லிநகரத்துத் தங்கை மட்டும் போனில் கேட்பாள்: "ஏண்ணே, பன்னிககிட்டயாவது வாயத் தொறந்து பேசுறியா, இல்ல அதுககிட்டயும் உம்முனுதானா?"

பேசிக்கொண்டுதான் இருந்தேன். அவளிடம் சொன்னதில்லை.

கால்நடை மருத்துவர் வந்தார். அந்தப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு, எனக்கும் ஒரு ஜோடி தந்தார். "கையில கீறல் இருந்தா தொட்றாதீக. இது மூளைக் காய்ச்சல், மனுசருக்கும் வரும், காது போயிரும்." பிறகு அடைப்பைப் பார்த்தார். "எல்லாம் ஒரே உசரமா நிக்குதுக. கலந்து விட்டீகளா?"

கலந்துதான் விட்டிருந்தேன். கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்கு ஏற்றிப்போகும் வியாபாரிக்கு ஒரே அளவுக் குட்டிகள் வேண்டும். அதனால் பால் மறக்கும் அன்றே, பல தாய்களின் குட்டிகளை அளவு பார்த்து ஒன்றாக அடைப்பது எங்கள் வழக்கம். புதுக்கூட்டத்தில் அவை கடித்துப் புரண்டு களைத்திருந்தன.

"கிருமி தாயோட தொண்டையில சும்மா கெடக்கும். அங்கருந்துதான் குட்டிக்கு ஒட்டும். சீம்பால் குடுத்த காவல் இப்பத்தான் வடியுது, சொந்தக் காவல் இன்னும் தேறல. அந்த நேரம் பாத்து கலந்திருக்கீக" என்றார். அந்தக் கிருமிக்கு வழுக்கலான உறை உண்டாம். வெள்ளையணுக்கள் விழுங்கப் போனால் நழுவிவிடும். அப்படியே ரத்தத்தோடு போய் மூளையைச் சுற்றிய சவ்வை எட்டும். அங்கே உடம்பு தாமதமாக விழித்து, மொத்தப் படையையும் அனுப்பும். அந்த வீக்கத்தில் மூளை நெரியும்.

இரண்டு ஊசி போட்டார். இரண்டாவது வீக்கத்தை அடக்க என்றதும் கேட்டேன்: "எதிர்ப்ப அடக்குனா கிருமிக்குக் கொண்டாட்டம்தானே?"

"பொஸ்தகம் படிக்கிற ஆளு, கேப்பீகன்னு தெரியும்" என்று சிரித்தார். "கிருமிய மொத ஊசி பாத்துக்கிரும். உடம்பு ஆத்திரத்துல தன்னையே அடிச்சுக்கிராம இருக்கத்தான் இது. பொழைக்குமான்னு கேக்காதீக. தனியா, இருட்டா, சத்தமில்லாம வைங்க."

பழைய தீவன அறையில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினேன். ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயோரம் தண்ணீர் சொட்டவிட்டேன். சத்தம் கூடாது என்பதால் பேச்சையும் நிறுத்தினேன். பண்ணையில் அதற்குமுன் அவ்வளவு அமைதி இருந்ததில்லை.

ஆடிப் பாதியில் அது எழுந்து நின்றது, தலை மட்டும் இடப்பக்கம் சாய்ந்தபடி. மருத்துவரும் சரியென்றதும் சந்தோஷமாகத் தூக்கிப்போய்க் கூட்டத்தில் விட்டேன். முகர்ந்து பார்த்த மறுநொடி எல்லாம் சேர்ந்து மேலே விழுந்தன, கூடப்பிறந்தவையும்தான். அதன் வாசம் அவற்றுக்கு மறந்து போயிருந்தது. காதில் ரத்தத்தோடு அதை வெளியே இழுத்தேன்.

வியாபாரி வந்த அன்று அதை ஒருமுறை பார்த்தார். "இது வேண்டா சாரே. வண்டியில மத்தது கடிச்சே கொன்னுடும்." மற்றவை ஏறிப் போயின.

காலியான அடைப்பைக் கழுவிச் சுண்ணாம்பு தூவினேன். மாலையில் அந்தக் குட்டிக்குத் தீவனம் வைத்தேன். தலை சாய்ந்திருப்பதால் அதற்கு நேராக நடக்க வராது. ஒரு வட்டம் சுற்றித்தான் தொட்டிக்கு வரும். வரும்வரை நின்றேன். எனக்கும் வேறெங்கும் போகவேண்டி இருக்கவில்லை.