எருத்தேன்பதி ஆறு மணி

கொய்யா மரத்தின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றபடி ராமுத்தாய் பேசிக்கொண்டிருக்கிறார். “ரெண்டு தோச தின்னா. மூணாவது வேண்டாம்னுட்டா. சாரமில்ல, மத்தியானம் நான் பாத்துக்கிடுதேன்.” மரம் ஓர் அம்மாவின் குரலில், “தலைக்கு எண்ணெ வச்சாளா?” என்று கேட்கிறது. “வச்சா, வச்சா” என்கிறார் ராமுத்தாய்.

மூணாறுக்குக் கீழே பள்ளிவாசல் என்ற ஊரில் சாலையை ஒட்டி இருக்கும் எங்கள் கல்லூரி மகளிர் விடுதிக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டு போவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் தமிழ் ஆசிரியையாக வந்து விடுதியிலேயே அறை எடுத்துத் தங்கியபோது நானும் மிரண்டேன். விஷயம் இதுதான். விடுதி முழுவதிலும் போனுக்கு ரேஞ்சு கிடைக்கிற ஒரே இடம் பின்புறக் கொய்யாவின் ஒரு கிளை. கையில் பிடித்துக்கொண்டு அதற்கு நேர் கீழே நின்றாலும் கிடைக்காது. போன் கிளையின் உயரத்தில் இருந்தாக வேண்டும். அதனால் என்றோ ஒரு பெண் விட்டுப்போன நீலக் காலுறையை அந்தக் கிளையில் கட்டி, போனை அதற்குள் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு மேட்ரன் ராமுத்தாய் கீழே நின்று பேசுவார். விடுதியில் ரகசியம் என்று எதுவும் மிஞ்சாது. யாருடைய அக்காவுக்கு வரன் பார்க்கிறார்கள், யார் வீட்டு மாடு கன்று போட்டது எல்லாவற்றையும் துணி துவைத்துக்கொண்டே நாங்கள் தெரிந்துகொள்வோம்.

ராமுத்தாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லய வீடு ஒன்றில் பிறந்து, கொழுந்து கிள்ளி, முழங்கால் தேய்ந்த பிறகு இந்த வேலைக்கு வந்தவர். வந்து பதினாறு வருடம் ஆகிறது. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் காப்பிநிற ஸ்வெட்டர்; அதன் மேல் பொத்தானை மட்டும் போட மாட்டார், கழுத்தை இறுக்குகிறதாம். ‘பரவாயில்லை’ என்பதற்கு மலையாளத்திலிருந்து எடுத்துக்கொண்ட ‘சாரமில்ல’வை மருந்து மாதிரி எல்லாருக்கும் கொடுப்பார். வயிற்றுவலிக்கும் சாரமில்ல, அரியர் விழுந்தாலும் சாரமில்ல.

அவர் போனில் மனிதர்களின் பெயர் கிடையாது. ஊரும் கவலையும்தான் பதிந்திருக்கும். ‘ஆனைக்கரை இழுப்பு’ என்றால் ஆர்த்தியின் அம்மா; மழை நாளில் ஆர்த்திக்கு மூச்சு இழுக்கும். ‘மறையூர் சோறு’ என்றால் மகள் சாப்பிடுவதில்லை என்று புலம்புகிற ஓர் அப்பா. வேறு யாருடைய எண்ணையோ தேடப் போய் ஒருநாள் என்னையே அதில் பார்த்துவிட்டேன்: ‘தமிழ் டீச்சர் தலவலி’.

அதற்குக் காரணம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். மலைப்பாதை வளைவுகள் எனக்கு ஆகாது. மூன்றாவது வளைவில் குமட்டும், ஐந்தாவதில் வந்துவிடும். பிள்ளைகள் முன்னால் வாந்தி எடுக்க மானம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு அவுட்டிங் அன்றும் காலையில் எனக்குத் தலைவலி வரும்; கணித ஆசிரியை ஆனந்தி எனக்குப் பதிலாகப் போவார். ராமுத்தாய் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், அவ்வளவுதான்.

அவுட்டிங் என்பது பாதி வேலை, பாதி சுற்றல். முதலாமாண்டுப் பிள்ளைகளை என்.எஸ்.எஸ். சார்பில் ஏதாவது எஸ்டேட் அங்கன்வாடிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கூட்டிப்போய்ப் புல் செதுக்கவும் சுவருக்கு வெள்ளையடிக்கவும் விடுவோம். அது முடிந்தால் ஏரியோ அருவியோ காட்டுவோம். ராமுத்தாய்க்கு இதில் பெரிய மரியாதை இல்லை. “இங்கன ஒரு தம்ளரக் கழுவ மாட்டாளுக. ஊரான் வீட்டு அங்கன்வாடியக் கழுவப் போறாளுக” என்பார். ஆனால் அன்று காலை நான்கு மணிக்கு எழுந்து எலுமிச்சம் சாதம் கட்டுவதும், ஒவ்வொருத்தியின் பையிலும் மாற்றுக் காலுறை இருக்கிறதா என்று கை விட்டுப் பார்ப்பதும் அவர்தான்.

பஸ் கிளம்பிய பிறகு அவர் உட்கார மாட்டார். வீட்டுப் போன்கள் ஒவ்வொன்றாக வரும். அவர் அந்தப் பாதையைப் பார்த்தவர் இல்லை. இங்கேயே பிறந்தவர், முப்பது கிலோமீட்டரில் இருக்கும் குண்டளை ஏரிக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. ஆனால் பதினாறு வருடம் பிள்ளைகள் எங்கெங்கிருந்து கூப்பிட்டார்கள் என்பதை வைத்து அந்த வழி முழுவதும் அவருக்கு மனப்பாடம். “இப்பம் சாயாக்கட வளைவு தாண்டியிருப்பாக. அங்கன ரேஞ்சு கிடையாது. இன்னும் இருவது மினிட்டுல பாலம் வரும், பாலத்துல ஒரு கோடு கிடைக்கும், அப்பம் விளிப்பா” என்பார். சொன்னபடியே கூப்பிடுவார்கள்.

இந்த வருடம் கௌசிகா வந்தாள். பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் தென்னையும் வாழையும் வைத்திருக்கும் குப்பண்ணனின் ஒரே மகள். அலாட்மெண்டில் இவ்வளவு தூரத்தில் இடம் கிடைத்தபோது அவர் அனுப்புவதாகவே இல்லையாம். அவள் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து வாங்கிய அனுமதி இது. கொண்டுவந்து விட்ட அன்று மேட்ரனிடம் வந்து நிபந்தனையைச் சொன்னார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவார். மகள் பேச வேண்டும்.

“ஒரு நாளைக்கு அவ கொரல் கேக்கலீன்னா, மறுநா வந்து கூட்டிட்டுப் போயிருவனுங்க. படிப்பெல்லாம் அப்பறம்.”

“சரி அண்ணாச்சி” என்றார் ராமுத்தாய்.

“ஏனுங்க, அண்ணாச்சிங்கறீங்களே, நானென்ன மளிகக் கடையா வெச்சிருக்கறன்?”

“எங்க பக்கம் மரியாதக்கிச் சொல்றது அண்ணாச்சி” என்று அதையே திரும்பவும் சொன்னார் இவர். அன்றே போனில் ‘எருத்தேன்பதி ஆறு மணி’ ஏறிவிட்டது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை முப்பத்தெட்டுப் பெண்கள் குண்டளைப் பக்கம் போனார்கள். எனக்குத் தலைவலி. மாலை ஐந்தரைக்குத் திரும்பியிருக்க வேண்டும். மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. மூன்றரைக்கு ஏரியிலிருந்து கிளம்புவதாக ஆனந்தி கூப்பிட்டதுதான் கடைசி. நாலரைக்குப் பாலத்திலிருந்து யாராவது கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடவில்லை. ஐந்து மணிக்கு மூணாறு டவுனிலிருந்தும் கூப்பிடவில்லை. ராமுத்தாய் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சரியாக ஆறு மணிக்குக் காலுறை அலறியது.

“குளிக்கிறாள்னு சொல்லிடுங்க மேட்ரன். அரை மணி நேரத்துல வந்துடுவாங்க” என்று அவர் காதோரம் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குடையைத் தோளில் சாய்த்து, கை உயர்த்திக் காலுறைக்குள் விரல் விட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

“ஏனுங்க மேட்ரன், அம்மிணி வந்துட்டாளுங்களா?”

“வரல அண்ணாச்சி. பஸ்ஸே இன்னும் வரல. இங்க ஒரே மழ. மேல ரேஞ்சு இல்ல. என்ன ஏதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா மொதப் போனு ஒங்களுக்குத்தான்.”

அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவர் போய் அணைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

“செரிங்க. வெடியால மொத பஸ்ஸுக்கு நான் பொறப்பட்டு வர்றனுங்க. அவ துணிமணியெல்லாம் பொட்டில எடுத்து வெச்சிருங்க.”

“வாங்க அண்ணாச்சி” என்றார் ராமுத்தாய்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சின்னப் பொய்யில் முடிகிற காரியத்துக்கு ஒரு பெண்ணின் படிப்பையே தூக்கிக் கொடுக்கிறாரே என்று கேட்டுவிட்டேன். அவர் குடையை மடக்கியபடி சொன்னார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் இதே மாதிரி பஸ் பழுதாகி நின்றபோது ஓர் அம்மாவிடம் மகள் தூங்குகிறாள் என்று சொன்னாராம். அந்தப் பெண் ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்தாள். பேச்சுவாக்கில் உண்மை தெரிந்துபோக, அந்த அம்மா அதற்குப் பிறகு இவர் சொன்ன எதையும் நம்பவில்லை. அந்த மாதமே அழைத்துப்போய்க் கல்யாணம் முடித்துவிட்டார்கள். “நல்ல படிக்கிற புள்ள டீச்சர்” என்றார்.

பிறகு அவர் சாலைக்குப் போனார். மூணாறிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு வண்டியையும் கை நீட்டி மறித்தார். பால் வண்டியைக் கேட்டார், காய்கறி லாரியைக் கேட்டார். “எங்க புள்ளைகளப் பாத்தீகளா? வெள்ளத் தொப்பி போட்டிருக்கும், பெரிய பஸ்ஸு.” யாரும் பார்க்கவில்லை. பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. என் மனதில் அந்த வளைவுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனந்தியின் இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும் என்ற நினைப்பை விரட்டவே முடியவில்லை.

ஆறே முக்காலுக்கு ஒரு ஜீப் மறிப்பதற்கு முன்பே தானாக நின்றது. சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகிற நல்லதம்பி. “ராமுத்தாயக்கா, ஒங்கள நடுரோட்டுல பாக்கலாம்னு டீச்சரம்மா சொன்னாக. மாட்டுப்பட்டிக்கு அங்கிட்டு யூக்காலி மரம் விழுந்து கெடக்கு. ஒரு புள்ளைக்கும் ஒண்ணுமில்ல. நான் எஸ்டேட்டு ரோட்டுல சுத்தி வந்தேன், அதுல பஸ்ஸு ஏறாது. அறுத்துக்கிட்டு இருக்காக, இப்பம் வந்துரும்.”

சொல்லிவிட்டுச் சட்டைக்குள்ளிருந்து கிழித்த பிஸ்கட் அட்டை ஒன்றை எடுத்தார். யார் வாயால் ‘எல்லாரும் நல்லா இருக்காக’ என்று கேட்டாலும் ராமுத்தாய்க்குப் போதாது என்று ஆனந்திக்குத் தெரியும். முப்பத்தெட்டுப் பேரும் அந்த அட்டையில் அவரவர் கையால் எழுதியிருந்தார்கள். ஜீப்பின் விளக்கு வெளிச்சத்தில் ராமுத்தாய் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் போனார். ஆர்த்தி, ‘இழுப்பு இல்லை’ என்று எழுதியிருந்தாள். கடைசிப் பெயர் முடிந்ததும் அட்டையை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு கொய்யா மரத்துக்கு ஓடினார். முழங்கால் தேய்ந்தவர் ஓடி நான் பார்த்தேன்.

“அண்ணாச்சி, மரம் விழுந்து பஸ்ஸு நிக்கி. எல்லாரும் சொகம். ஒங்க மக கைப்பட எழுதுன கடுதாசி என் கையில இருக்கு.”

“என்ன எழுதியிருக்கறா?”

அட்டையைத் தூரத்தில் பிடித்து அவர் படித்தார். “‘அப்பாகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. செருப்பு அறுந்துருச்சு.’”

மரம் கேட்டது, “வார் வெச்ச செருப்புங்ளா?”

“அது எழுதலியே அண்ணாச்சி.”

“அதாத்தான் இருக்கும். பொள்ளாச்சில வாங்கறப்பவே சொன்னனுங்க, மலைக்கு இது தாங்காதம்மிணின்னு. எங்க கேட்டா?” குரல் இளகியிருந்தது. “அவதானுங்க எழுதியிருக்கறா. அவளேதான்.”

துவைகல்லில் உட்கார்ந்து நான் கொஞ்சம் அழுதேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஏழேகாலுக்கு பஸ் வந்தது. இறங்கியவர்கள் அத்தனை பேர் மேலும் சேறும் யூக்காலி வாசமும். ஒடித்துப் போட்ட கிளைகளை இழுத்தது நாங்கள்தான் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். “ஷூவோட உள்ள வராதீகடி” என்று அவர்களைவிடச் சத்தமாகக் கத்தினார் ராமுத்தாய். கௌசிகா ஒரு காலில் செருப்பும் மறுகாலில் சணல் கயிறு சுற்றிய செருப்புமாக நேரே கொய்யா மரத்துக்குப் போனாள்.

“அறுந்துச்சா அம்மிணி?”

“ஆமாங்ப்பா.”

“சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்ப்பா.” பிறகு அவளே, “மரத்த நாங்களும் இழுத்தமுங்ப்பா” என்றாள்.

“செரி, போயி சுடுதண்ணில காலக் கழுவு. மேட்ரனக் கூப்புடு.”

ராமுத்தாய் வந்து நின்றார். வேறு யாரும் நகரவில்லை.

“நாளைக்கு வரலீங்க மேட்ரன். வாழைக்குத் தண்ணி விடோணும். அப்ப நீங்க குளிக்கறா, தூங்கறான்னு எதாச்சும் சொல்லியிருந்தீங்கன்னா அந்நேரத்துக்கே காரு புடிச்சிருப்பனுங்க. தெரியலன்னீங்க பாருங்க, அப்பத்தான் செரி, இந்தம்மா மறைக்காதுன்னு உக்காந்தேன். இனிமே ஆறு மணியெல்லாம் வேண்டாங்க. அவ தோணறப்பக் கூப்புடட்டும்.”

நான் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சாரமில்ல அண்ணாச்சி” என்றார் ராமுத்தாய்.

பிள்ளைகள் வெந்நீருக்கு ஓடிய பிறகு அவர் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார். போனை எடுத்து ஸ்வெட்டரில் துடைத்து, கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டார். நான் டார்ச் அடித்தேன். ‘எருத்தேன்பதி ஆறு மணி’யில் ‘ஆறு மணி’யை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். யோசித்து, அந்த இடத்தில் ‘செருப்பு’ என்று அடித்தார். அப்புறம் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போன கட்டைவிரல் ‘தமிழ் டீச்சர் தலவலி’யில் வந்து நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எதையும் மாற்றாமல் போனை அணைத்துவிட்டு, நனைந்த நீலக் காலுறையைப் பிழிந்து, திரும்பவும் கிளையில் கட்டினார்.