எனக்கு மட்டும் டிரம்

நீங்கள் என்னைச் சோதிக்கவே இல்லை. சோதிக்காமலே தோற்றுவிட்டாள் என்று சொன்னீர்கள். அதையும் மாமல்லபுரம் கடற்கரையில், அத்தனை ஆண்கள் நடுவில், கையில் டீ கப்பை வைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. உயிர்காப்பாளர் தேர்வை நடத்திய அதிகாரி என்று சொன்னால் போதும். நடந்ததைப் படிக்கிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். நீங்களும் படியுங்கள், ஏனென்றால் பாதி நடந்தபோது நீங்கள் அங்கே இல்லை.

நான் கோவளத்தில் பிறந்தவள். அதே ஊரில்தான் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கும் இடமொன்றில் பலகைகளைக் கழுவி அடுக்குவது என் வேலை. கடலோரத்துப் பெண் என்றால் மீன் மாதிரி நீந்துவாள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது. மீன் வாங்கத் தண்ணீர் ஓரம் வரை போவார்கள், அவ்வளவுதான். எனக்கும் கல்யாணமாகும்வரை தெரியாது. பலகை அலையில் அடித்துக்கொண்டு போனால் அதை எடுத்து வர வேண்டியது என் பொறுப்பு. முதலில் இடுப்பளவு, அப்புறம் கழுத்தளவு, அப்புறம் கால் எட்டாத இடம். மூக்கில் தண்ணீர் ஏறி, திட்டு வாங்கி, இப்படித்தான் கற்றேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. பலகை தொலைந்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

போன கோடை விடுமுறையில் ஒருநாள் பலகைகளை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போனேன். கோயில் பார்த்துவிட்டு வேனில் வந்த குடும்பம் ஒன்று கடலில் இறங்கியது. நம் ஜனங்கள் எப்படி இறங்குவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். புடவை, சுடிதார், நகை, எல்லாவற்றோடும். வரிசையாகக் கை கோத்துக்கொண்டு நிற்பார்கள். கை கோத்திருந்தால் கடல் ஒன்றும் செய்யாது என்று நம்பிக்கை. ஒரு பெரிய அலை வந்தது. வரிசை சரிந்தது. எல்லாரும் எழுந்தார்கள், ஒரு பெண் மட்டும் எழவில்லை. கல்லூரியில் படிக்கிற வயது. அலை திரும்பும்போது அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனது.

அங்கே இருந்த லைஃப் கார்டு ஓடித்தான் வந்தான். அவனைக் குறை சொல்லமாட்டேன். கையை நீட்டினான். கரையிலிருந்து அந்தப் பெண்ணின் மாமாவோ சித்தப்பாவோ ஒரு ஆள் கத்தினார்.

"ஏய்! எங்கடா கை வைக்கிற?"

அவன் கை ஒரு நொடி நின்றது. தோளைப் பிடிக்க வேண்டியவன் துப்பட்டாவைப் பிடித்தான். துப்பட்டா அவன் கையோடு வந்துவிட்டது. பெண் போய்விட்டாள்.

நான் பலகையைப் போட்டுவிட்டு இறங்கினேன். கைக்கு முதலில் கிடைத்தது அவள் பின்னல். பின்னலைப் பிடித்து இழுத்து, அப்புறம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கரையில் போட்டேன். வாந்தி எடுத்தாள். பிழைத்துக்கொண்டாள். அவள் அம்மா என்னைப் பார்த்து, "முடியப் புடிச்சா இழுப்பாங்க? ஈரம் இருக்கா உனக்கு?" என்று கேட்டார். ஈரத்தைப் பிழிந்துகொண்டுதான் நின்றிருந்தேன்.

அந்த லைஃப் கார்டு மணலில் உட்கார்ந்து கையில் துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "போன வாரம் ஒரு பொம்பளைய தூக்கினு வந்தேங்க்கா. அவ புருசன் என் கன்னத்துல வுட்டான். அதான் கை வரல."

இந்த வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அடுத்த சீசனுக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தபோது, பொங்கல் கூட்டம் தொடங்கி கோடை விடுமுறை முடியும்வரை வேலை, ஆண் பெண் இருபாலரும் வரலாம் என்று இருந்தது. இருபாலரும். நான் போட்ட வார்த்தை இல்லை, நீங்கள் போட்டது.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்.

"இன்னாடி, நீ போயி யார காப்பாத்தப் போற? வூட்ல காஸ் அடுப்ப அணைக்க மறந்துடுற."

"அடுப்பு முழுவாது. ஆளு முழுவும்."

"சரி, ஆம்பள ஒருத்தன் முழுவுனா?"

"அவனையும்தான்."

இன்னொரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். "கட்டிப்புடிச்சா இஸ்துகினு வருவ?"

"நீ முழுவிப் பாரு. எப்படின்னு காட்டறேன்."

தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார். ஆனால் தேர்வு நாளன்று அவரே ஆட்டோவில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். இதையும் எழுதத்தான் வேண்டும்.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியின் நீச்சல் குளத்தில் முதல் பகுதி. வந்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். முழுக்கை டி-ஷர்ட்டும் முழங்காலுக்குக் கீழே வரும் இறுக்கமான கால்சட்டையும் போட்டிருந்தேன். ஆண்கள் ஜட்டியைவிடக் கொஞ்சம் பெரியதில் நின்றார்கள். அதை யாரும் பார்க்கவில்லை. என் உடை சரியா என்று நீங்களும் இன்னொருவரும் ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தீர்கள். அதுவரை நான் ஈரமான தரையில் நின்றேன். அப்புறம், "சரிம்மா, இறங்கு" என்றீர்கள். இறங்கினேன். நீந்தச் சொன்ன தூரம் நீந்தினேன். அடியில் போட்ட செங்கல்லை எடுத்து வந்தேன். தேறினேன். இதை நீங்களே மறுக்கமாட்டீர்கள்.

அங்கேதான் முட்டுக்காட்டுக்காரர் பழக்கமானார். படகுக் குழாமில் துடுப்புப் போடுகிறவர். ஆள் ஒரு பீரோ மாதிரி இருப்பார். குளத்தில் அவர் குதித்தால் தண்ணீர் வெளியே வந்து நம் செருப்பை அடித்துக்கொண்டு போகும். வயதில் என்னைவிடப் பெரியவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டாவது பகுதி மாமல்லபுரத்தில், கடலில். மணலில் ஓட்டம், கொடி கட்டிய மிதவையைச் சுற்றி நீச்சல், கடைசியாக ஆள் மீட்பு. ஒருவர் மூழ்குகிறவராக நடிக்க வேண்டும், இன்னொருவர் அவரை இழுத்து வர வேண்டும். இரண்டிரண்டு பேராகப் பிரித்தீர்கள். ஓட்டத்தில் நான் கடைசிக்கு இரண்டு பேர் முன்னால் வந்தேன். நீச்சலில் நடுவில். முதல் இடம் என்று பொய் சொல்லப் போவதில்லை. தேறும் அளவுக்கு வந்தேன்.

ஆள் மீட்புக்கு என் முறை வந்தபோது முட்டுக்காட்டுக்காரர்தான் ஜோடி இல்லாமல் மிச்சம் இருந்தார். அவர் தண்ணீரை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். நீங்கள் கூப்பிட்டு நிறுத்தினீர்கள்.

"நீ வேண்டாம்ப்பா. இந்தம்மாவுக்கு அந்த டிரம்மைப் போடுங்க."

நீல பிளாஸ்டிக் டிரம். அடியில் கொஞ்சம் மணல், மேலே பாதிவரை தண்ணீர், மிதக்கிற மாதிரி மூடி போட்டது. ஒரு ஆளின் கனம் வரும் என்றார்கள்.

"சார், எல்லாருக்கும் ஆளு, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு டிரம்மு?" என்று கேட்டேன்.

"உன் மரியாதைக்குத்தாம்மா சொல்றேன். நாலு பேர் போட்டோ எடுக்கிற இடம். நாளைக்கு உன் குடும்பத்துல ஏதாவது சொல்லப் போறாங்க."

முட்டுக்காட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். "சார், நான் சாவறேன் சார், அக்கா காப்பாத்தட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல."

"உன் பொண்டாட்டி பார்த்தா என்னய்யா ஆகும்?"

"இவன அப்படியே கடல்ல வுட்டுட்டு வாம்மான்னு சொல்லுவா சார்."

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் டிரம்தான் என்றீர்கள்.

இழுத்து வந்தேன். டிரம்மை இழுப்பதில் என்ன இருக்கிறது? டிரம் கத்தாது. கழுத்தைக் கட்டிக்கொள்ளாது. தலையில் ஏறி நிற்காது. மூடிக்கு அடியில் ஒரு கயிற்றைச் சுற்றிக்கொண்டு அலையோடு வந்துவிட்டேன். கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நீங்கள் "வெரி குட்மா" என்றீர்கள். இந்த வெரி குட்டை நீங்கள் மறந்திருக்கலாம்.

டீ வந்தது. குடித்துக்கொண்டே முடிவைப் படித்தீர்கள். முட்டுக்காட்டுக்காரர் தேறினார். அவருக்கு மட்டும் தனியாக ஒரு ஆளைத் திரும்ப இறக்கி இழுக்கவிட்டீர்கள், அது நியாயம்தான். கடைசியில் என்னைச் சொன்னீர்கள். ஆள் மீட்பு செய்து காட்டவில்லை, தகுதி இல்லை.

"செஞ்சேனே சார்! நீங்கதான வெரி குட்டுன்னீங்க?"

"டிரம் ஆளாம்மா? விதியில மீட்கப்படுறவர் உயிருள்ள நபரா இருக்கணும்."

"அது ஆளு இல்லைன்னா எனக்கு ஏன் சார் குடுத்தீங்க?"

டீயை ஊதினீர்கள்.

"இப்ப ஒரு ஆளக் குடுங்க. இழுக்கறேன்."

"நேரமாயிடுச்சும்மா. உன்னை நாங்க கைவிடல. மைக் வேலை ஒண்ணு இருக்கு. குடைக்குக் கீழே உட்கார்ந்து, ஆழத்துக்குப் போகாதீங்கன்னு சொல்லணும். பொம்பளைக் குரல்னா ஜனங்க கேட்பாங்க. வெயில் படாது, நனைய வேண்டாம்."

நனைய வேண்டாம்! கடலில் இறங்குவதற்காக வந்தவளிடம் இதைச் சொல்லிவிட்டு நல்லது செய்த முகத்தோடு நின்றீர்கள். நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்தத் துப்பட்டாவைப் பிடித்த பையனும் கெட்டவன் இல்லை. ஆனால் அவனைக் கன்னத்தில் அறைந்து பயமுறுத்தியிருந்தார்கள். உங்களை யார் அறைந்தார்கள்?

நீங்கள் ஜீப்பை நோக்கி நடந்தீர்கள். நான் முட்டுக்காட்டுக்காரரைப் பார்த்தேன்.

"அண்ணாத்த, எறங்கறியா?"

"எறங்கறேன்க்கா. ஆனா நெஜமா நடிப்பேன். அப்புறம் திட்டக் கூடாது."

இறங்கினார். மிதவை வரை போய் இரண்டு கையையும் தூக்கினார். நான் போனேன். பாவி மனுஷன் சொன்னபடியே செய்தார். நான் பின்னால் சுற்றிப் போவதற்குள் திரும்பி என் தோளில் பாய்ந்து ஏறிவிட்டார். இரண்டு பேரும் உள்ளே போனோம். உப்புத் தண்ணீரை நன்றாகவே குடித்தேன். ஏறுகிற ஆளோடு மல்லுக்கட்டினால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். நானே இன்னும் கீழே முங்கினேன். மூழ்குகிறவன் தண்ணீருக்குள் வரமாட்டான், பிடியை விட்டுவிடுவான். விட்டார். பின்பக்கமாக வெளியே வந்து, தாடைக்குக் கீழே கை போட்டு, அவர் முதுகை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு வந்தேன். ஆமாம், நெஞ்சில்தான். வேறு எங்கே சாய்ப்பது? டிரம்முக்கு ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆனது. கடைசியில் கால் தரையில் பட்டது. அலை ஓரத்தில் பனியனைப் பிடித்து மணலில் இழுத்துப் போட்டேன்.

அவர் மல்லாந்து கிடந்து இருமினார். "அக்கா, ஒரு நிமிசம் நெஜமாவே பேஜாராயிடுச்சு," என்றார்.

பல்லவர் கோயில் பார்க்க வந்தவர்கள் சுற்றி நின்று போன் நீட்டிப் படம் பிடித்தார்கள். தேர்வுக்கு வந்த ஆண்கள் விசில் அடித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஜீப் இல்லை. மணலில் அது போன தடம் மட்டும் இருந்தது.

மறுநாள், கூட்டத்தில் ஒருவர் எடுத்து அனுப்பிய வீடியோவோடு உங்களைப் பார்க்க வந்தேன். வீடியோ செல்லாது, தேர்வு முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் வா என்றீர்கள். அடுத்த வருஷம் ஆள் கிடைக்குமா, டிரம்மா என்று கேட்டேன். "அப்ப பார்க்கலாம்" என்றீர்கள்.

வீட்டுக்காரரும் அந்த வீடியோவைப் பார்த்தார். அவர் போனுக்கும் யாரோ அனுப்பியிருந்தார்கள். நீங்கள் பயந்த குடும்பம் அதுதான். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தாளு எத்தினி கிலோடி இருப்பான்?"

மைக் வேலைக்கு நான் போகவில்லை. இப்போது அங்கே ஒரு ரெக்கார்டு ஓடுகிறது. ஆழத்துக்குப் போகாதீர்கள் என்று யாரோ ஒரு பெண் குரல் நாள் முழுக்கச் சொல்கிறது. ஜனங்கள் கை கோத்துக்கொண்டு இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். சீசன் பாதி போய்விட்டது. கரையில் ஒரு பெண் உயிர்காப்பாளர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ச் சும்மா நிற்கிறேன். விசில் இல்லை, சிவப்புச் சட்டை இல்லை. நிற்பதற்கு யாரும் தகுதி கேட்கவில்லை.

அடுத்த வருஷம்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. உங்கள் அறையில் உட்கார்ந்து என்னிடம் மட்டும் சொல்லும் பதிலும் எனக்கு வேண்டாம். மாமல்லபுரம் கரைக்கு வாருங்கள். கூட்டம் நிறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அந்த ரெக்கார்டை நிறுத்திவிட்டு மைக்கை நீங்களே பிடியுங்கள். மூழ்குகிற ஆணை ஒரு பெண் தொட்டுத் தூக்கலாமா, கூடாதா? கூடாது என்றால் எந்த விதியில் இருக்கிறது? தூக்கலாம் என்றால் என் தேர்வை ஏன் டிரம்மோடு முடித்தீர்கள்? குளிக்க வந்த ஜனங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொல்லுங்கள்.