போஸ்டர் இருமுமா சார்?

டொரத்தி டீச்சர் சன்னலைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் வருகைப் பதிவேட்டைத் தொடுவார். "இன்னிக்கும் எரிக்கிறானுங்க லா!" படாரென்று சன்னல் மூடும். மலேசியாவின் பண்டமாரானில், தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்பு அவருடையது. பள்ளிச் சுவருக்கு அப்பால், மிஞ்சும் கழிவை எரிக்கும் ஒரு பிளாஸ்டிக் மறுசுழற்சித் தொழிற்சாலை.

பாடநூலில் பூமிக்குக் கண்ணும் சிரிப்பும் வரைந்திருப்பது அவருக்குப் பிடிக்காது. "இந்த நாத்தத்துல அதுக்கு என்ன இளிப்பு?" அதனால் குடியிருப்பாளர்களின் புகார் மனுவையும் தொழிற்சாலையின் பதில் கடிதத்தையும் நகலெடுத்து வந்து வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுகிறார். மறுவாரம் கட்சியை மாற்றிவிடுவார், அழுதாலும் விடமாட்டார். கடிதத்தில் 'சிறிதளவு புகை' என்றிருந்த இடத்தில் சிவப்பு மையால் அவரே எழுதியிருக்கிறார்: 'எவ்வளவு?'

"போஸ்டர் வரையச் சொன்னா போதாதா டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர்.

"போஸ்டர் இருமுமா சார்?"

போன மாதம், அந்த வகுப்பில் படிக்கும் ஷாமினியின் அப்பா கன்னையா வகுப்பு வாசலில் வந்து நின்றார். அந்தத் தொழிற்சாலையில்தான் அவர் போர்க்லிஃப்ட் என்னும் சுமைதூக்கி வண்டி ஓட்டுகிறார். "சோத்துல கைய வைக்கிறப்போ எம் மக கேள்வி கேக்குறா. கம்பெனிய மூடுனா நீங்களா சோறு போடுவீங்க?"

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "என்கிட்ட கத்தி என்ன புண்ணியம்ணே? உள்ள நடக்குறது எனக்கா தெரியும்? வெள்ளிக்கிழம வந்து புள்ளைங்ககிட்டயே சொல்லுங்க."

வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. துவைத்த சீருடையில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே பேசினார். பதினோரு மாதம் வேலையில்லாமல் இருந்ததைச் சொன்னார். அங்கே தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள் என்றார். தொழிற்சாலைக் கட்சிப் பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

மூச்சிரைப்புக்கு மருந்து வைத்திருக்கும் மார்வின் எழுந்தான். "அங்கிள், சோதனை பண்ண ஆபிசருங்க வர்ற அன்னிக்கு மட்டும் ஏன் புகையே வர்றதில்ல?"

கன்னையா மகளைப் பார்த்தார். பதில் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். கட்டியிருந்த கைகளைப் பிரித்தார்.

"அன்னிக்கு எரிக்க வேணாம்னு முன்னாடியே சொல்லிருவாங்க தம்பி."

பாதி வகுப்பு "ஹோ" என்று கத்தி மேசையைத் தட்டியது. ஷாமினி முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"வாய மூடுங்க!" டொரத்தி டீச்சரின் குரல் பக்கத்து வகுப்பையும் அடக்கியது. "உண்மையச் சொன்ன ஆளப் பாத்தா கத்துறது?"

பிறகு தமது நாற்காலியை மேசைக்குப் பின்னாலிருந்து தரதரவென்று இழுத்து வந்து கன்னையாவுக்குப் போட்டார்.